சென்டம் சார் வாங்கிய முட்டை

"உங்க பேரு என்ன?"

பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பக்கத்து பெஞ்சில் இருந்த பஸ் டிரைவரின் காதில் ஏதோ கிசுகிசுத்தார். பஸ் டிரைவரும் யோசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தெரியாது," என்றார் பேக்கரிக்காரர், ஆங்கிலத்தில்.

சென்டம் சாரின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. அறுபதைத் தொட்ட மனிதர், தடித்த மீசை, ஊருக்கே ரொட்டி சுட்டுப் போடுகிறவர், தன் பெயர் தெரியாது என்கிறார். இத்தனைக்கும் கடை வாசலில் அந்தப் பெயரையே ஆள் உயரத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இது என்ன?" டஸ்டரைத் தூக்கிக் காட்டினார்.

மருந்துக்கடை அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு டஸ்டரை உற்றுப் பார்த்தார்.

"பூனை."

பின் வரிசையில் யாரோ "ஆமாம், ஆமாம்" என்று ஆமோதித்தார்கள்.

சாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை. அவர் ஆங்கிலம் எடுத்தால் வகுப்பு மொத்தமும் பாஸ். இருபது வருஷமாக ஒரு தலை விழுந்ததில்லை. அதனால் ஊரில் 'சென்டம் சார்' என்றால்தான் தெரியும். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் போதவில்லை என்று இழுத்து மூடிவிட்டார்கள். ஐம்பது வயதில் எந்தப் பள்ளிக்கூடத்துக் கதவைத் தட்டுவது? தட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. கடைசியில் கடல் தாண்டி ஒரு சின்ன ஊரில், பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. மனைவி பேங்க் வேலையை விட்டுவிட்டுக் கூடவே கிளம்பி வந்தாள். வழியனுப்ப வந்த மச்சான், "ஒரு வருஷத்துல மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடுவார் பாருங்க," என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லித்தான் கையசைத்தான்.

இந்தப் பக்கம் பார்த்தால் பேக்கரிக்காரர். அந்தப் பக்கம் பார்த்தால் மச்சான். சார் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அதுதான் பிரச்சினை. பேரைக் கேட்டா தெரியாதுங்கிறான் அந்த மனுஷன்!"

மனைவி தண்ணீரை நீட்டினாள். "முதல் நாள் நல்லா பேசினாங்கன்னு சொன்னீங்களே. பிரயாணம் எப்படி இருந்துச்சு, வீடு பிடிச்சிருக்கான்னெல்லாம் அவரே இங்கிலீஷ்ல விசாரிச்சாராமே?"

"யாரோ சொல்லிக்குடுத்து உருப்போட்டிருப்பான்."

"அப்போ நீங்க பாடம் எடுக்கறதுக்கு முன்னாடி வந்துது, எடுத்ததுக்கப்புறம் போயிடுச்சா?"

சார் தண்ணீரை வைத்துவிட்டு மனைவியை முறைத்தார். உள்ளுக்குள் அவருக்கும் அதே சந்தேகம்தான்.

முதல் நாள் நடந்தது இதுதான். கல்வி மையத்தின் நிர்வாகி, வழுக்கைத் தலையும் தொங்கின தோளுமாக, எதையும் கணக்காகப் பேசுகிற மனிதர், சாரை வகுப்பறைக்குக் கூட்டிப்போகும்போதே சொல்லிவிட்டார்.

"இவங்க எல்லாம் ஏற்கெனவே படிச்சவங்கதான். மொத்தமா மறந்துபோச்சு, மறுபடியும் வகுப்பு வைங்கன்னு மனு மேல மனு போட்டாங்க. அதான் உங்களை வரவழைச்சோம். வருஷக் கடைசியில பெரிய நகரத்துல இருந்து அதிகாரி வந்து பரீட்சை வெப்பாங்க. அந்த ரிசல்ட்டைப் பார்த்துட்டுத்தான் நீங்க இருக்கிறதா போறதான்னு முடிவாகும்."

சாருக்குச் சிரிப்பு வந்தது. ரிசல்ட்டா? அவரிடமா?

வகுப்பறைச் சுவரில் சட்டம் போட்ட ஒரு படம் மாட்டியிருந்தது. குட்டை முடி, மோவாயில் மச்சம், வாய் நிறையச் சிரிப்போடு ஒரு பெண்மணி. படத்துக்குக் கீழே குவளையில் அன்று பறித்த பூக்கள்.

"இது யாரு?"

"உங்களுக்கு முன்னாடி இருந்த டீச்சர். தங்கமான மனுஷி," என்று நிர்வாகி பெருமூச்சு விட்டார். "இந்த ஊருக்குக் குடுத்து வைக்கல."

இதற்குமேல் என்ன கேட்பது? உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்குத் தினமும் பூ வைப்பார்களா? துக்கம் விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பாஷை தெரியாத இடத்தில் எதையாவது கேட்டு வகுப்பையே அழவைப்பானேன் என்று சார் நினைத்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். படத்துக்கு முன்னால் நின்று கைகூப்பிக் கண்ணை மூடினார். மாணவர்களுக்கும் கேட்கட்டும், புதிய வாத்தியாரின் பண்பு தெரியட்டும் என்று ஆங்கிலத்தில் உரக்கவே வேண்டிக்கொண்டார்.

"அம்மா, நானும் உங்களை மாதிரியே ஆகணும். ஆசீர்வாதம் பண்ணுங்க."

வகுப்பில் யாரோ "ஐயோ" என்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார்கள். உருகிவிட்டார்கள் என்று சார் எடுத்துக்கொண்டார். அப்புறம் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, இருபது வருஷமாகச் சொல்லி வந்த வசனத்தைச் சொன்னார்.

"என் வகுப்புல ஃபெயில்ங்கிற பேச்சே கிடையாது. உங்களில் ஒருத்தரை விடாம பாஸ் பண்ண வெப்பேன். இது சத்தியம்!"

பேக்கரிக்காரர் முகம் செத்துப்போனது. மருந்துக்கடை அம்மா படத்தைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்தார். அன்றோடு சரி. அடுத்த நாளிலிருந்து ஒருவருக்கும் வாயில் ஆங்கிலம் வரவில்லை.

சார் சளைக்கிற ஆளா? சொந்த ஊரில் எத்தனை மண்டுகளைக் கரையேற்றியிருக்கிறார்.

முதலில் சிறப்பு வகுப்பு வைத்தார். விடியற்காலையில், ஊர் எழுந்திருக்கும் முன்பே. வராமல் இருக்கவில்லை, எல்லாரும் வந்தார்கள். பேக்கரிக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பஸ் டிரைவர் பஸ்ஸிலேயே வந்து வாசலில் நிறுத்தினார். அன்றைக்கு ஊரில் ரொட்டி இல்லை, பஸ் இல்லை. ரொட்டி கேட்டு வந்தவர்களும் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் ஜன்னலுக்கு வெளியே வரிசை கட்டி நின்று பாடம் கேட்டார்கள். அந்த வாரம் வைத்த தேர்வில் மதிப்பெண் பாதியாகக் குறைந்தது.

பேக்கரிக்காரர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளூர் பாஷையில் கேட்டார்:

"சார், எங்க ஊர் உங்களுக்குப் பிடிக்கலையா?"

அந்த ஊர் பாஷையில் சாருக்குப் புரிய ஆரம்பித்த முதல் வாக்கியமே அதுதான். ஆளாளுக்கு அதைத்தான் கேட்டார்கள். விடிகாலையில் எழுப்பிய கோபத்தில் குத்திக்காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு, நீங்க முதல்ல படிங்க," என்று கையை உருவிக்கொண்டார்.

அடுத்து இம்போசிஷன். தப்பான விடையைத் திருத்தி நூறு தடவை எழுதி வரவேண்டும். பஸ் டிரைவர் ஸ்டாப்புக்கு ஸ்டாப் வண்டியை நிறுத்தி எழுதினார். அவசரமாகப் போகவேண்டிய பயணிகள் பொறுக்கமாட்டாமல் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக்கொடுத்தார்கள். நோட்டில் விதவிதமான கையெழுத்து. அவ்வளவும் பிழையில்லாத ஆங்கிலம். பஸ் டிரைவர் எழுதினது மட்டும் தப்பு.

"வழியில ஏறினவங்களுக்கெல்லாம் இங்கிலீஷ் தெரியுது, உங்களுக்கு மட்டும் ஏன்யா ஏற மாட்டேங்குது?" என்று சார் தமிழிலேயே கத்தினார். பஸ் டிரைவர் தலை குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் போல என்று சாருக்கே பாவமாகிவிட்டது.

இதற்கு நடுவில் பரிசுகள் வர ஆரம்பித்தன. சூடாக ஒரு கூடை ரொட்டி. மருந்துக்கடை அம்மா கையால் பின்னிய ஸ்வெட்டர் சாருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைக் கேட்காமலேயே வந்து சரிபண்ணிவிட்டுப் போனார் பஸ் டிரைவர். மாணவன் வாத்தியார் வீட்டுக்குப் பொருளோடு வந்தால் எதற்கு என்று சாருக்குத் தெரியாதா?

"லஞ்சம்! படிக்காம பாஸ் போடச் சொல்றாங்க. எல்லாத்தையும் திருப்பி அனுப்பு."

"குழாயை எப்படிங்க திருப்பி அனுப்பறது?" என்றாள் மனைவி. ஸ்வெட்டரை அவள் போட்டுக்கொண்டுவிட்டாள். "பாவம், பிரியமாக் குடுக்கறாங்க. எனக்கு இந்த ஊர்ல யாரையுமே தெரியாது. இன்னிக்கு மருந்துக்கடை அம்மா என்னைக் கூட்டிட்டுப் போய் கடைத்தெரு பூரா காட்டினாங்க. எத்தனையோ நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சேன்."

அவளுக்கு இங்கே பிடித்துவிட்டது. அந்த நினைப்புதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. இவளை மறுபடியும் அழைத்துக்கொண்டு போய், மச்சான் வீட்டு மாடியில், 'வேலை தேடிக்கிட்டிருக்கார்' என்று நாலு பேரிடம் சொல்லவைப்பதா? ரொட்டியை அவரே கொண்டுபோய் பேக்கரிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். பேக்கரிக்காரர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார்.

பிரம்மாஸ்திரம் ஒன்று பாக்கி இருந்தது. சொந்த ஊரில் எப்பேர்ப்பட்ட வாலும் அதற்கு அடங்கிவிடும்.

"நாளைக்கு எல்லாரும் வீட்டுல இருந்து பெரியவங்களைக் கூட்டிட்டு வரணும். வராதவங்க வகுப்புக்கு வெளியே நிக்கணும்."

அறுபது வயது மாணவர்களுக்கு வீட்டில் பெரியவர்கள் ஏது? மருந்துக்கடை அம்மா கணவரைக் கூட்டி வந்தார். பஸ் டிரைவர் மாமியாரைக் கூட்டி வந்தார். பேக்கரிக்காரர் மட்டும் அசல் பெற்ற தாயையே கூட்டி வந்தார். எண்பது தாண்டியவர். கைத்தடி, கறுப்புக் கோட்டு, யாரையும் ஊடுருவிப் பார்க்கிற கண்.

சார் நிர்வாகியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளூர் பாஷையில் சொல்லச் சொன்னார்.

"உங்க மகனுக்குப் படிப்புல அக்கறையே இல்லம்மா. பேரு கேட்டா தெரியாதுங்கிறார். வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

கிழவி மகனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். மகன் படத்தைக் காட்டி, சாரைக் காட்டி, கையைக் கூப்பிக் கண்ணை மூடிக் காட்டினார். கிழவி தலையாட்டினார். கைத்தடியால் மகன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். சார் பார்வைக்கு அது அடி மாதிரியும் இருந்தது, 'சபாஷ்' மாதிரியும் இருந்தது. பிறகு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கவே இல்லை. மறுநாளும் வந்தார். எந்தக் கேள்விக்கும் "நோ" என்று ஒரே பதில். நிர்வாகி அவரையும் மாணவராகப் பதிந்துகொண்டார். ஆக, தேறாதவர்களில் ஒருவர் கூடியதுதான் மிச்சம்.

பரீட்சை நெருங்கியது. ஐந்தே ஐந்து முக்கியக் கேள்விகளைப் போர்டில் எழுதி, பதிலையும் எழுதி, "இதை மட்டும் நெட்டுருப் போட்டுட்டு வாங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்," என்றார் சார். ஐந்து பதிலும் எல்லாருக்கும் அட்சரம் பிசகாமல் மனப்பாடம் ஆனது. என்ன, ஒன்றாம் கேள்விக்கு மூன்றாம் பதிலைச் சொன்னார்கள். "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்றால் "மழை பெய்கிறது" என்றார் மருந்துக்கடை அம்மா. எல்லாரும் ஒரே மாதிரி மாற்றிச் சொன்னதுதான் ஆச்சரியம். ஒத்திகை பார்த்தது போல இருந்தது.

சாருக்கு மனித முயற்சியில் நம்பிக்கை போய்விட்டது. பரீட்சைக்கு முந்தின நாள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஊதுபத்தியைப் படத்துக்கு முன்னால் ஏற்றினார். ஒரு கொத்தாகவே ஏற்றினார்.

"அம்மா! நாளைக்கு எல்லாரும் பாஸ் ஆயிடணும். உங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல!"

கூரையில் ஒட்டியிருந்த வட்டக் கருவி அலறியது. கட்டடம் முழுக்க மணி அடித்தது. தையல் வகுப்பும் பாட்டு வகுப்பும் தெருவுக்கு ஓடின. தீயணைப்பு வண்டி வந்து, ஊதுபத்தியைக் குவளைத் தண்ணீரிலேயே முக்கி அணைத்துவிட்டுப் போனது. தெருவில் நின்ற மாணவர்கள் சாரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு துயரம். "இவ்வளவு தூரத்துக்கு வந்துட்டாரே," என்று பேக்கரிக்காரர் உள்ளூர் பாஷையில் முணுமுணுத்தது சாருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

பரீட்சை நாளன்று மனைவியும் கூட வந்தாள், தைரியத்துக்கு. பஸ் டிரைவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பஸ்ஸை வாசலில் நிறுத்தினார். பரீட்சை அதிகாரி இறங்கினார்.

குட்டை முடி. மோவாயில் மச்சம். வாய் நிறையச் சிரிப்பு.

சார் அப்படியே சுவரில் சாய்ந்து சறுக்கிக் கீழே உட்கார்ந்தார். "ஒரு நாள் விடாம கும்பிட்டேனேம்மா... ஊதுபத்தி ஏத்தினது தப்பா?"

மனைவி அவர் முகத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டு, அதிகாரியை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க, இவங்களையா செத்துப்போயிட்டாங்கன்னு சொன்னீங்க? நல்லா கல்லு மாதிரி இருக்காங்களே!"

நல்லவேளை, அது தமிழில் சொன்னது. அதிகாரி குனிந்து சாரின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"நான் பெரிய நகரத்துக்குப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. என் படம் இன்னும் இங்கே இருக்கா? இவங்களை..." என்று வகுப்பைப் பார்த்துச் செல்லமாக விரலை ஆட்டினார். வகுப்பே எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

ஆகா, எல்லாரையும் பாஸ் பண்ணவைத்ததற்குக் கிடைத்த பதவி உயர்வு போலிருக்கிறது, தனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று சார் தனக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் பரீட்சை நடந்தது. சார் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பேக்கரிக்காரர் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மருந்துக்கடை அம்மா மேஜையைக் காட்டி என்னவோ சொன்னார், பூனையாகத்தான் இருக்கும். கிழவியின் தலை இடமும் வலமும் ஆடியதில் "நோ" வெளியே வரை கேட்டது. நடுநடுவே உள்ளே சிரிப்புச் சத்தம். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று சாருக்குக் காது சிவந்தது. பக்கத்தில் மனைவி ஸ்வெட்டர் நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் தாங்கமுடியாமல் இருந்தது.

முடிந்ததும் எல்லாரையும் கூட்டி வைத்து அதிகாரி ரிசல்ட்டைப் படித்தார்.

"பேக்கரிக்காரர், பூஜ்யம். பஸ் டிரைவர், பூஜ்யம். மருந்துக்கடை அம்மா, பூஜ்யம்..." கடைசிவரை அதே ராகம். "என் அனுபவத்தில் இப்படி ஒரு ரிசல்ட்டைப் பார்த்ததே இல்ல." உதட்டைக் கடித்துக்கொண்டு தாளை நிர்வாகியிடம் நீட்டினார். நிர்வாகி நிதானமாக அதில் முத்திரை குத்தினார்.

இருபது வருஷச் சென்டம் ஒரே நாளில் முட்டையாகிப் போனது. சார் எழுந்து நின்றார். வகுப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார்.

"உங்க மேல தப்பில்ல. எனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல. அதட்டினதுக்கெல்லாம் மன்னிச்சிடுங்க. ரொட்டியைத் திருப்பிக் குடுத்ததுக்கும்தான். உங்க ஊர் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, என் சம்சாரத்துக்கும் பிடிச்சிருந்துச்சு. இங்கயே இருந்துடலாம்னு ஆசைப்பட்டுத்தான் உங்களைப் பாஸ் பண்ணவைக்க அவ்வளவு பாடுபட்டேன். முடியல. நாளைக்குக் கிளம்பறோம்."

வகுப்பில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் பெஞ்சு நகரத் துள்ளி எழுந்தார்.

"கிளம்பறீங்களா? இங்க இருக்கணும்னுதானா எங்களைப் பாஸ் பண்ணச் சொன்னீங்க? அட கடவுளே, எதுக்கு சார் கிளம்பணும்? அதான் ஒருத்தர் பாக்கியில்லாம ஒழுங்கா முட்டை வாங்கிட்டோமே!"

அத்தனையும் பிசிறில்லாத ஆங்கிலம்.

முன் பெஞ்சிலிருந்து கிழவி கைத்தடியை ஊன்றி எழுந்தார். அதிகாரியின் தோளில் ஒரு கையும் சாரின் தோளில் ஒரு கையும் போட்டுக்கொண்டு, மகனுடையதைவிடச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்:

"தம்பி, எல்லாரும் பாஸாயிட்டா வகுப்பை மூடிட்டு வாத்தியாரை ஊரைவிட்டு அனுப்பிடுவாங்க, இவளை அப்படிப் பாஸாகித்தான் தொலைச்சோம், உன்னையும் தொலைக்க எங்களுக்கு என்ன பைத்தியமா?"